இருபத்தேழு பேர் நிற்கிறார்கள்

பாக்கியசீலி படிவத்தில் எழுதியது அடுத்த நிமிடமே நடந்துவிட்டது. அந்த நாட்டில் படிவங்கள் அப்படித்தான்.

வெளிநாட்டுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் மூன்று நாள் ஓரியன்டேஷன். விமான நிலையத்திலிருந்து நேராக ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப்போய், கையில் ஒரு பையைக் கொடுத்து உட்காரவைப்பார்கள். பையில் ஒரு சிம் கார்டு, ஒரு குடை, இன்னும் கட்டப்படாத ஒரு வீட்டின் சாவி, பதினெட்டுப் பக்கப் படிவம். பாக்கியசீலி நாசரேத்துக்காரி. தூத்துக்குடிப் பக்கத்து அந்த ஊரில் பத்தொன்பது வருடம் ஆங்கில டீச்சராக இருந்தவள். படிவம் என்றால் அவளுக்குப் பயம் கிடையாது. தேர்தல் வேலை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லாம் பார்த்த கை. விறுவிறுவென்று நிரப்பிக்கொண்டே போனாள்.

ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. ‘நீங்கள் வகுப்புக்குள் வரும்போது மாணவர்கள் என்ன செய்வார்கள்?’

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘எழுந்து நிற்பார்கள். நான் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்கள்’ என்று எழுதினாள். எழுதியதோடு விட்டிருக்கலாம். டீச்சர் புத்தி, அடியில் ஒரு கோடும் போட்டாள்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அதிகாரி அவளைத் தேடி வந்தார். சட்டையில் ‘இரண்டாம் அதிகாரி’ என்று எழுதியிருந்தது. முதலாம் அதிகாரி சுவரில் மாட்டியிருந்தார்; மணி இரண்டரை காட்டினார். ஓரியன்டேஷன் முடியும்வரை வந்தவர்களின் பேச்சிலேயே பேச வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் இரண்டாம் அதிகாரி நாசரேத்து பஜாரில் நின்று பேசுகிறவர் போலவே பேசினார். முகம் மட்டும் பேச்சோடு ஒட்டவில்லை.

“டீச்சர், ஒங்க பிள்ளைய எந்திரிச்சு நின்னுட்டாவ.”

“எந்தப் பிள்ளைய?”

“ஒங்க வகுப்புப் பிள்ளையதான். மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம், இருபத்தேழு பேரு. காலையில பத்தே காலுக்கு ஒங்க படிவம் போய்ச் சேந்துச்சு. பத்து பதினாறுக்கு எந்திரிச்சாவ.”

“நான் இன்னும் போகவே இல்லையே சார்.”

“நீங்க வாரியன்னு தெரிஞ்சுபோச்சுல்லா.”

“அப்போ உக்காரச் சொல்லுங்க.”

“நான் சொன்னா எப்படி உக்காருவாவ? நீங்க சொன்னாத்தான்னு எழுதியிருக்கிய. கோடு வேற போட்டிருக்கிய.”

“படிவத்தத் திருத்திக்கிடலாமா?”

“திருத்தம் நாலாம் நாளு.”

“ஓரியன்டேஷன் மூணு நாள்தான?”

“ஆமா. அதான் யாரும் திருத்துறதில்ல.”

“ஃபோன்லயாவது நான் சொல்லட்டுமா?”

“ஓரியன்டேஷன் முடியாம நீங்க டீச்சர் இல்லம்மா. சும்மா வந்திருக்க ஆளு.” அவர் தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். “நாலு கேள்வி கேட்டுட்டிய. ஒரு கேள்விக்கு அஞ்சடி. வெளிய போற தாழ்வாரம் இருபது அடி நீண்டுபோச்சு.”

பாக்கியசீலி திரும்பிப் பார்த்தாள். காலையில் அவள் நுழைந்த கதவு இப்போது தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். அங்கே அதைக் கட்டட விதியாகவே வைத்திருந்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் அவளுடைய வகுப்பின் படம் ஒட்டியிருந்தது. இருபத்தேழு பேரும் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தான்.

வீட்டுப்பாடம் எழுதாததற்குக்கூட யாரையும் ஒரு பீரியடுக்கு மேல் நிற்கவைத்தவள் இல்லை அவள். படத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மற்ற நாட்டு ஆசிரியர்கள் நல்ல ஒழுக்கமான வகுப்பு என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் நாள் அட்டவணைப்படி நடந்தது. பத்து மணிக்கு மாதிரி வகுப்பு. பன்னிரண்டு குடைகளை வரிசையாகச் சாய்த்துவைத்து அவற்றுக்குப் பாடம் நடத்தச் சொன்னார்கள். குடைகள் நன்றாகவே கவனித்தன. பதினொரு மணி முதல் பதினொன்றே கால் வரை பண்பாட்டு அதிர்ச்சி. ஒருவர் வந்து ஆளுக்கு ஒரு ஈரச் செருப்பைக் கையில் கொடுத்தார். அதிர்ந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு தேநீர்.

நாலு மணிக்கு வீட்டு ஏக்கம். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு ஏங்க வேண்டும். பாக்கியசீலிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் அதிகாரி குனிந்து பார்த்தார்.

“யாரை நெனச்சு அழுதிய?”

“அந்தப் பிள்ளையள.”

“அது கணக்குல வராது. வீட்ட நெனைங்க.”

சரியென்று அவள் கணவன் செல்வினை நினைத்தாள். ஊரிலிருந்து கிளம்பிய நாளை நினைத்தாள். கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது. திரும்பி வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நம் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. தெரிந்தும் எதிர்வீட்டு ஜெபமணி அண்ணாச்சி, பெட்டியும் கையுமாகப் படியிறங்கியவர்களைப் பார்த்து, “எங்க போறிய?” என்று கேட்டுவிட்டார். செல்வின் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிகளை உள்ளே தூக்கிப்போனான். உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். அதற்குள் ரயில் போய்விட்டது. ரயில் போனதே அண்ணாச்சி கேட்ட வாயால்தான் என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

செல்வின் பெட்டியோடு வாசலில் விழித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு நிஜமாகவே ஏக்கம் பொங்கியது. அதிகாரி நோட்டில் டிக் அடித்தார்.

மூன்றாம் நாள் காலை, “முடிஞ்சுது. கிளம்புங்க” என்றார் அவர். “வெளி வாசல்ல ஒரு காவலாளி ஒரே ஒரு கேள்வி கேப்பான். பதில் சொன்னியன்னா நீங்க டீச்சர்.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். மற்ற நாட்டு ஆசிரியர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள், கதவு திறந்தது, மூடியது. அவளுடைய முறை வந்தது. காவலாளி பேனாவைத் திறந்தான்.

“எங்க போறிய?”

பாக்கியசீலி பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கால் முந்திக்கொண்டது. அது பாட்டுக்குத் திரும்பி, வந்த வழியே நடந்தது.

தாழ்வாரத்தின் பாதியில் ஒரு பெஞ்சும் தண்ணீர் ஃபில்டரும் இருந்தன. பெஞ்சில் வழுக்கைத் தலையோடு ஒருவர் தம்ளரும் கையுமாக இருந்தார். அவளைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

“கேட்டுட்டானா?”

“கேட்டுட்டான்.”

“கேக்கத்தான் செய்வான், வெளங்காத பய. உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க.” தம்ளரைக் கழுவி நீட்டினார். “நான் ஞானதுரை. சாயர்புரம். நானும் இங்கிலீஷ் சார்தான்.”

“நீங்க எப்ப வந்திய சார்?”

“ஒம்பது வருசமாச்சு. இன்னைக்கு எனக்கு மூணாம் நாளு.”

வாசல் பக்கம் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஐந்தடி. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. ஞானதுரை சார் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார்.

“மத்த நாட்டுக்காரவ பட்டுனு பதிலச் சொல்லிட்டுப் போயிருதாவ. அவியளுக்கு என்ன, ஒரு மொற தெரியுமா, ஒண்ணு தெரியுமா? நாம அப்படிப் போக முடியாதுல்லா. என் பிள்ளைய அங்க இருக்காவ, பாருங்க.”

பெஞ்சுக்கு மேலே சுவரில் அவருடைய வகுப்பின் படம் இருந்தது. ஏழாம் பக்கத்தில் அவர் ‘அமைதியாக இருப்பார்கள்’ என்று எழுதியிருந்தாராம். ஒன்பது வருடமாக அமைதியாக இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மீசை முளைத்துவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெண்ணுக்குப் போன மாதம் கல்யாணமாம், அதிலும் சம்மதம் என்ற ஒரு சொல்லை அவள் சொல்லாததால் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் மண்டபத்திலேயே காத்திருக்கிறார்களாம்.

“தங்கமான பிள்ளைய. ஒரு சத்தம் கிடையாது” என்றார் ஞானதுரை சார். அவர் கண்ணில் பெருமை நிறைந்திருந்தது. பாக்கியசீலி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்துகொண்டாள்.

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினாள். காவலாளி மறுபடி கேட்டான். கால் மறுபடி திரும்பியது. மூன்றாம் முறையும் அப்படித்தான். ஞானதுரை சார் ஒவ்வொரு முறையும் தம்ளரைக் கழுவிவைத்துக் காத்திருந்தார். நல்ல மனிதர். இவரோடு இப்படியே ஒன்பது வருடம் உட்கார்ந்துவிடலாம், ஒரு குறையும் இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளைப் பயமுறுத்தியது.

நான்காம் முறை வந்து பார்த்தபோது, அவர் படத்துக்குப் பக்கத்தில் அவளுடைய வகுப்பின் படத்தையும் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். சின்ன ஆணி இல்லை, நாள்பட நிற்கிற ஆணி. படத்தில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி சாய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் விழாமல் தோளால் முட்டுக் கொடுத்திருந்தாள். அவளுக்கும் கால் நடுங்கியிருக்க வேண்டும், படத்தில் முழங்கால் மட்டும் கலங்கலாக இருந்தது.

பாக்கியசீலி தம்ளரை வாங்கவில்லை.

“தண்ணி குடிக்காமப் போனா போற காரியம் வெளங்காது டீச்சர்” என்றார் ஞானதுரை சார்.

“வெளங்காட்டாப் போகட்டும் சார். நான் போயி எறங்கிப் பாத்துக்கிடுதேன்.”

இந்த முறை தாழ்வாரம் மிக நீளமாக இருந்தது. காவலாளி அதே பேனாவோடு இருந்தான்.

“எங்க போறிய?”

கால் திரும்பப் பார்த்தது. அவள் கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜெபமணி அண்ணாச்சி, போன ரயில், விளங்காமல் போன எத்தனையோ காரியங்கள் எல்லாம் கண்முன் வந்து நின்றன.

“பிள்ளையள உக்காரச் சொல்லப் போறேன்” என்றாள்.

காவலாளி அதை எழுத்துக் கூட்டி எழுதினான். எழுதி முடித்ததும் அவனுக்குத் தமிழ் மறந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டிக் கதவைத் திறந்தான்.

மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் பன்னிரண்டு மணி நேரப் பஸ் பயணம் என்று அட்டவணையில் போட்டிருந்தது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கமே வகுப்பறை இருந்தது. இருபத்தேழு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் விறைப்பாக நிமிர்ந்தார்கள்.

“சிட் டவுன்” என்றாள் பாக்கியசீலி.

யாரும் உட்காரவில்லை. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்திருந்தால் இவளை எதற்குக் கடல் தாண்டி வரவழைக்கிறார்கள்?

“உக்காருங்கம்மா, உக்காருங்கய்யா” என்றாள். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். உள்ளங்கையைக் கீழ்ப்பக்கம் திருப்பி, உட்கார் உட்கார் என்று கையை அமர்த்திக் காட்டினாள். அந்த நாட்டில் அப்படிக் கையசைத்தால் கிட்டே வா என்று அர்த்தம். இருபத்தேழு பேரும் கிட்டே வந்தார்கள். அவள் பதறிப்போய் இன்னும் வேகமாக அசைத்தாள். இன்னும் கிட்டே வந்து அவளைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். சாய்ந்திருந்த சிறுமியையும் தாங்கிக் கூட்டி வந்திருந்தார்கள்.

தண்ணீர் குடிக்காமல் வந்தது தப்போ என்று நினைத்தாள். அழுகை வந்தது.

பத்தொன்பது வருடத்தில் அவள் வகுப்பில் உட்கார்ந்ததே கிடையாது. உட்கார்ந்த டீச்சர் தூங்குகிற டீச்சர் என்பது அவளுக்கு வாய்த்த தலைமை ஆசிரியையின் கொள்கை. பாக்கியசீலி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, ஒரு கையை ஊன்றி, சிமெண்டுத் தரையில் பொத்தென்று சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“சிட்” என்றாள்.

இருபத்தேழு முகங்கள் அவளைக் குனிந்து பார்த்தன. சாய்ந்திருந்த சிறுமி தரையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். மெதுவாக முழங்காலை மடக்கினாள். முட்டுக் கொடுத்தவள் அடுத்து உட்கார்ந்தாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். முழங்கால்கள் சடசடவென்று நெட்டி முறித்தன. சிலர் அப்படியே படுத்துவிட்டார்கள். ஒரு பையன் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, பலகையில் எழுதலாம் என்று கையைத் தரையில் ஊன்றினாள். இருபத்தேழு கைகள் தரையில் ஊன்றின.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருடப் பாடம் முழுவதையும் பாக்கியசீலி தரையில் உட்கார்ந்தே நடத்தினாள். கரும்பலகையின் அடி ஓரத்தில், கை எட்டியவரைக்கும் எழுதினாள். பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். மூன்றாம் வாரப் பாடத்தில் ‘ஸ்டாண்ட்’ என்று ஒரு சொல் வருகிறது. அதை மட்டும் அவள் நடத்தவில்லை.