என்டர் பொத்தான்

...அழித்துவிட்டு நிறுவவா என்று கம்ப்யூட்டர் கேட்கிறது, தட்டினால் முடிந்தது, பதினோரு வருடமாக இந்தக் கடையில் அடித்துக்கொடுத்த விண்ணப்பங்கள், நோட்டீசுகள், பள்ளி மலர்கள், எல்லாம் வைரஸ் பூட்டிப்போட்ட வெறும் கிறுக்கலாகத்தானே கிடக்கின்றன, போகட்டும், அப்புறம் லினக்ஸ் என்கிற புது சிஸ்டம், அதில் இந்தப் பயம் குறைவு என்கிறார்கள், ஆனால் என்டர் பொத்தான் எங்கே, அது இருந்த இடத்தில் ரப்பர் முளை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, முந்தாநாள் இந்தக் கீபோர்டால்தான் இவன் தம்பியை அடித்தான், இரண்டு கையாலும் ஓங்கி, விறகு பிளக்கிறவன் மாதிரி, முதல் அடி தோளில், இரண்டாவது வாயில், பொத்தான்கள் பல்லாய்ச் சிதறின... மூன்றாவது ஏன் விழவில்லை? வயர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான், இரக்கமெல்லாம் இல்லை. கண்டவன் பென்டிரைவையும் வாங்கிச் செருகினாயே என்று கத்தினான். யாருடைய பென்டிரைவைத்தான் செருகாமல் இருக்க முடியும், கடையே அதில்தான் ஓடுகிறது, சிஸ்டத்தை மாற்றிவிடலாம் என்று இரண்டு வருடமாகக் கெஞ்சியவனே தம்பிதான், பக்கம் கட்டும் மென்பொருள் அதில் ஓடாது, போடா, எனக்கே பாடம் எடுக்காதே என்று வாயை அடைத்தது யார்? அடி வாங்கியவன் உதட்டைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் ரத்தம் வழிய, ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"தேதியைப் பாரு அண்ணா. என்னைக்கு உள்ள வந்ததுன்னு பாரு."

பார்க்கவில்லை, கழுத்தைப் பிடித்துப் படியில் தள்ளினான். இன்று மதியம் ரிப்பேர்காரன் வந்தான், எல்லோரும் 'ஸ்க்ரூ' என்றே கூப்பிடும் ஆள், புதிய சிஸ்டத்தைத் தன் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டான், பிடித்திருந்தால் தட்டுங்கள், தட்டினால் பழையது எதுவும் மிஞ்சாது என்றான், கீபோர்டைப் பார்த்துவிட்டு, "புதுசு வைரஸைத் தாங்கும்ணே, உங்க கையைத் தாங்குமான்னுதான் தெரியல" என்று சிரித்துக்கொண்டே போனான். அவன் போன பிறகு இவன் பழைய டிஸ்கைத் திறந்து பார்த்தான்... முதலில் கெட்ட ஃபைல், புதன்கிழமை, காலை பத்து நாற்பத்திரண்டு. புதன் காலை தம்பி அண்ணியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தான், கடையில் இவன் மட்டும், அதற்கு ஒரு நிமிடம் முன்னால் இவனே திறந்த மெயில், 'உங்கள் பார்சல் விவரம்', எந்தப் பார்சல், எதுவுமே வாங்கவில்லையே, பிறகு எழுத்துகள் மாறத் தொடங்கியதும் பதறி, நகல் பத்திரமாக இருக்கிறதா பார்ப்போம் என்று பேக்கப் டிஸ்கையும் தன் கையாலேயே செருகி, அதையும் தின்னக் கொடுத்தது... மவுஸைச் சுவரில் விட்டெறிந்தான், அது இரண்டாகப் பிளந்து விழுந்தது. இப்போது கீபோர்டு மட்டும்.

தட்டினால் தேதியும் போய்விடும். உன் பேச்சைக் கேட்டே மாற்றிவிட்டேன் என்று சொன்னால் போதும், தம்பி திரும்பி வந்துவிடுவான், சந்தோஷம்கூடப் படுவான். தம்பி வீட்டிலிருந்து இவன் மனைவி போன் செய்தாள்.

"மூணு தையல். தண்ணிகூட உறிஞ்ச முடியல அவனால. டிஸ்கைப் பாத்தீங்களான்னு எழுதிக் காட்டிக் கேக்கறான்."

இன்னும் இல்லை என்றான். போனை வைத்தான். பிறகு மேசைக்கடியில் தவழ்ந்து என்டர் பொத்தானைத் தேடினான், தூசிக்குள் கிடந்தது, ஒரு மூலையில் காய்ந்த பழுப்புக் கறை, எச்சில் தொட்டுத் துடைத்தான், போகவில்லை, முளைமேல் வைத்து அழுத்தியதும் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது, விரல் அதன்மேல்... மறந்திருந்தேன், கோபத்தில் எதுவும் நினைவில்லை, அப்படித்தானே? இல்லையே. தோளில் முதல் அடி விழுந்தபோதே அந்தப் பார்சல் மெயில் கண்முன் வந்துவிட்டது, பளிச்சென்று, வரி வரியாக. அதற்குப் பிறகுதான் வாயைப் பார்த்து அடித்தான்.