நான்காம் எண் நாடா

ஐம்பத்தெட்டாம் வருடம் புடாபெஸ்டில் ஒலிநாடாவுக்குப் பெரும் பஞ்சம். எங்கள் வானொலி நிலையத்தில் ஒரே ஷூபர்ட் பியானோ சொனாட்டாவை நான்கு பேர் வாசித்த நான்கு நாடாக்கள் இருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அழித்து வேறு பதிவுக்குக் கொடுங்கள் என்று உத்தரவு வந்தது. எதை வைப்பது என்று சொல்ல மூன்று பேர். வாசித்தவர் பெயர் சொல்லமாட்டோம். எண் மட்டும்தான். நாடா ஓட்டுகிறவள் நான். எந்த எண் யாருடையது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மூவரில் ஒருவர் பத்திரிகையில் இசைத்தட்டு விமர்சனம் எழுதும் ஆலாடார். நான்கு நாடாக்களில் ஒன்று, முந்தின இலையுதிர்காலத்தில் இறந்துபோன அவர் மனைவி ஷரோல்தா வாசித்தது. அவள் வாசிப்பு வேறெங்கும் பதிவாகவில்லை. எல்லோருக்கும் இது தெரியும். பெயரை மறைத்தாயிற்றே, நியாயம் தானாக வந்துவிடும் என்று நிலையத்தில் நினைத்தார்கள்.

"என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா?" என்றார் படியேறும்போதே. "ரெண்டு சுரம் போதும்."

முதல் நாடா ஓடியது.

"டிராம் பிடிக்க ஓடறான்" என்றார் செல்லோ வாசிக்கும் யெனோ.

"டிக்கெட்டும் வாங்கல" என்றார் ஆலாடார்.

இரண்டாவதில் ஒவ்வொரு பெரிய சுரக்கூட்டுக்கு முன்னாலும் வாசிப்பவர் மூச்சு இழுப்பது கேட்டது. ஆலாடார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் கலங்கியது. மூன்றாவது ஓடியபோது அவர் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். யெனோவும் பியானோ ஆசிரியை மார்கித்தும் அதை உடனே தள்ளிவிட்டார்கள்.

நான்காவது முடிந்ததும் மார்கித் சொன்னாள்: "நான் இதத்தான் சொல்வேன். அந்த மெதுவான பகுதில எவ்வளவு அடக்கம், பாத்தீங்களா?"

"அடக்கமா? மார்கித்தம்மா, அது தட்டச்சு. நகராட்சி ஆபீஸ்ல மனு அடிக்கறாங்க" என்றார் ஆலாடார்.

"போய்யா, உனக்குப் பெடல் போட்டு ஊற வெச்சாதான் இசை."

"இடது கை தூங்குது. கேட்டியா இல்லியா?"

"எனக்கு ரெண்டு" என்றார் யெனோ.

"எனக்கும் ரெண்டுதான்" என்று ஆலாடார் மேசையைத் தட்டினார். "நாலத் தூக்கிப் போடுங்க!"

வாய் திறந்தால் விதியை மீறினதாகும். ஓட்டு முடிந்ததும் பெயர்கள் எழுதியிருந்த உறையைப் பிரித்து வாசித்தேன். இரண்டு, தெப்ரெட்சென் ஊர்ப் பையன், கெல்லேர் திபோர், வயது இருபத்திரண்டு. நான்கு, ஷரோல்தா.

மார்கித் கைப்பையைத் திறந்து மூடினாள். யெனோ அவளைக் கைபிடித்து வெளியே அழைத்துப் போனார்.

"அந்த மூச்சு…" என்றார் ஆலாடார். "அவளும் அப்படித்தானே…"

"மாமா, தாள்ல இன்னும் கையெழுத்துப் போடல. உங்க ஓட்ட நாலுன்னு எழுதிடறேன். மார்கித் அக்கா வாயத் திறக்கமாட்டாங்க, யெனோவும்தான்" என்றேன்.

"அந்தப் பையன் நாடா?"

"அழிச்சுடுவாங்க."

"நாலாவத இன்னொரு தடவ போடு, பிரோஷ்கா."

போட்டேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே நாற்பது நிமிடமும் கேட்டார். இப்போது யார் வாசிக்கிறார்கள் என்று தெரிந்து கேட்டார். நான் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.

"இடது கை தூங்கத்தான் செய்யுது" என்றார் முடிந்ததும்.

"மாமா!"

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? முப்பது வருஷம் பக்கத்து அறையில வாசிச்சா. நான் கதவ சாத்திக்கிட்டு ஊரான் வாசிச்சதப் பத்தி எழுதிட்டிருந்தேன். அவ மூச்சு இழுப்பான்னு நினைச்சேன் பாரு, அது யார்கிட்ட கேட்டதுன்னே எனக்குத் தெரியல."

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? அவங்க கை இது ஒண்ணுலதான் இருக்கு."

"பையன் நல்லா வாசிக்கறான். ரெண்டுன்னு எழுது."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

கதவருகில் நின்று, "கடைசிப் பக்கம் நல்லாருந்துச்சு" என்றார். "அவகிட்ட சொல்லியிருக்கலாம்."

செவ்வாய்க்கிழமை நான்காம் எண் நாடாவில், பண்ணைப் பன்றிகளுக்கு வரும் காய்ச்சலைத் தடுப்பது பற்றிய உரை ஒன்றைப் பதிவு செய்தோம்.