றொக்சனைக் கொடுப்பதா, வைத்திருப்பதா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. போன ஒக்டோபரில், மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்ட்டில் ஒரு சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. பெண்பிள்ளை மூன்றாம் தடவை உடுப்பு மாற்றப் போய் முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் மேசைத் துணிக்குக் கீழே கைபேசியை மறைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் யாரோ ஆஸ்பத்திரியில் கிடப்பதுபோல இருந்தது.

"ஏதும் பிரச்சினையோ அக்கா?"

"ஓம். எட்டாம் சுற்று. ரெண்டு பேர் தளத்திலை நிக்கினம். எறியிறவன் களைச்சுப்போனான், இவங்கள் ஆளை மாத்திறாங்களில்லை."

பேஸ்போல். அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, ஒருவர் எறிவார், ஒருவர் அடிப்பார், மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்ற அளவுதான். பிள்ளை உடுப்பு மாற்றி வருவதற்குள் ஜெயனி அக்கா எனக்கு ஆட்டத்தையும் சொல்லித்தந்து, தன் கதையையும் சொல்லி முடித்துவிட்டார். முடித்தார் என்பது பிழை. கதை நின்ற இடத்தில் அவரும் நின்றுகொண்டார்.

(அக்கா என்று கூப்பிட்ட ஒருவரை இனிமேல் "அவள்" என்று எழுதப்போகிறேன். "அவர்" போட்டால் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பதுபோல் இருக்கிறது. அக்கா மன்னிக்கவேண்டும்.)

2

ஆரம்பம் சரிவரவில்லை. எழுதிப் பார்த்தவை:

ஜூலை மாதத்து வெயில் வில்லரே மைதானத்தின் மீது…

(வெயிலில் தொடங்கும் கதைகளை நானே தாண்டிப் போய்விடுவேன்.)

மூன்று பேர் சேர்ந்து ஒரு மனிதனின் தலைவிதியை…

(அவர்கள் ரசிகர் சங்கத்து ஆட்கள். தலைவிதியெல்லாம் அதிகம்.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். ஜெயனிக்கு நாற்பத்தேழு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். தொண்ணூற்றெட்டில் இந்த ஊருக்கு வந்தபோது முதல் வேலை சபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலை. அங்கே மேற்பார்வையாளர் பிரெஞ்சு வானொலியில் பேஸ்போல் போட்டுவிடுவார். ஊசிச் சத்தத்துக்கு மேலாக அவள் பிரெஞ்சு படித்தது அதிலிருந்துதான். மொழி வகுப்பில் ஆசிரியை, "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டபோது, மற்றவர்கள் சமைத்தேன், நடந்தேன் என்று சொல்ல, ஜெயனி, "நேற்று ஒன்பதாம் சுற்றில் தோற்றுவிட்டோம்" என்றாள். இந்த நாட்டில் அவள் முதன்முதலாக வாய்விட்டு "நாங்கள்" என்று சொன்னது அந்த வாக்கியத்தில்தான்.

2004இல், வானொலியில் அவள் கேட்டுவந்த அந்தப் பெரிய குழு மொன்றியலை விட்டு வேறு நகரத்துக்குப் போய்விட்டது. சில வருடம் அவள் எதையும் பார்க்கவில்லை. பிறகு வில்லரேயில், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், உள்ளூர்க் கழகமொன்றைக் கண்டுபிடித்தாள். பெயர் மொய்னோ. சிட்டுக்குருவிகள் என்று அர்த்தம். பகலில் வேலைக்குப் போய்ப் பின்னேரத்தில் விளையாடுகிற ஆட்கள். அவளும் சேர்ந்து பார்க்கிற தமிழரும் அதைக் "குருவியள்" என்பார்கள்.

3

போன வருடம் ஜூலை நடுப்பகுதியில் குருவியள் நான்காம் இடத்தில் நின்றார்கள். முதல் நான்கு குழுக்கள் பிளேஓஃபுக்கு, அதாவது பருவ முடிவு ஆட்டங்களுக்குப் போகலாம். ஐந்தாம் இடத்தில் நின்றவர்கள் ஒரு வெற்றி மட்டுமே பின்னால்.

அந்த நேரம் பார்த்துக் கச்சருக்கு விரல் முறிந்தது. கச்சர் என்றால் அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். தளம் விட்டுத் தளம் ஓடுகிறவனை மடக்க, பதிலுக்கு வந்தவருக்கு எறிகை போதாது. எதிரணி ஓட்டக்காரர்கள், பந்து அடிபடுமுன்பே ஓடி, இரண்டாம் தளத்தைத் தங்கள் வீட்டு முற்றம்போலத் திருடினார்கள்.

ஐந்து மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற சகனேயில், ஒரு குழுவில் நல்ல கச்சர் இருந்தார். தீயணைப்புப் படைக்காரர், மொன்றியலுக்கு வேலை மாற்றம் கிடைத்தவர். பதிலுக்கு அவர்கள் ஒரு இடக்கைப் பந்தெறியாளரைக் கேட்டார்கள். குருவியளிடம் இருந்தது ஒரே ஒரு இடக்கை. றொக்சன், இருபத்துநாலு வயது, சன்லோறனில் ஒரு களஞ்சியத்தில் வேலை.

முன்னொருமுறை முகாமையாளர் யாரையும் கேட்காமல் ட்றேட், அதாவது ஆளுக்கு ஆள் மாற்று, செய்யப்போய், பாதி ரசிகர்கள் வராமல் விட்டார்கள். அன்றிலிருந்து சங்கத்தில் மூன்று பேரைக் கேட்டுத்தான் ஆளை மாற்றுவார். ஒருவர் தபால்காரர் லூக். ஒருத்தி ஜெயனி. மூன்றாமவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைசெய்யும் ஆனந்தராசா. றொக்சனின் அப்பா.

"நான் விலகி நிக்கிறன்," என்று ஆனந்தராசா சொன்னாராம்.

"உன்னைவிட இந்த ஆட்டம் தெரிந்தவன் இங்கே யார்? இரு," என்று லூக் அவரைப் பிடித்து இருத்தினார்.

மைதானத்தில் பார்வையாளர் இருக்கும் பலகைப் படியில் வைத்து வாதம் தொடங்கியது. லூக் எடுத்த எடுப்பில் முடியாது என்றார்.

"இடக்கைக்காரனை யாராவது கொடுப்பானா? பிளேஓஃபில் யாரை வைத்து எறிவாய்?"

"முதல்லை பிளேஓஃபுக்குப் போகவேணும்," என்றார் ஆனந்தராசா. "போன ஆறு ஆட்டத்திலை பதினேழு திருட்டு. றொக்சன் எறிஞ்சாலும் ஓடுறாங்கள், மற்றவன் எறிஞ்சாலும் ஓடுறாங்கள். கச்சர் வேணும். குடுப்பம்."

ஜெயனி திகைத்துப்போனாள். "அண்ணை, அது உங்கடை பிள்ளை."

"இஞ்சை அவன் முப்பத்தொண்டாம் நம்பர்."

(லூக் பேசியது முழுக்கப் பிரெஞ்சு. மற்றவர்கள் அவரோடு பேசியதும் அதுதான். வசவுகளை விட்டுவிட்டேன். கியூபெக்காரர் திட்டுவது தேவாலயத்துப் பாத்திரங்களின் பெயரைச் சொல்லி. தமிழில் போட்டால் பூசைக்கு ஆயத்தம் செய்வதுபோல் இருக்கும்.)

ஒன்றுக்கு ஒன்று. ஜெயனியின் வாக்குத்தான் முடிவு. வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்குள் சொல்லவேண்டும்.

4

இந்த இடத்தில் எனக்கு ஆனந்தராசா மீது சந்தேகம் வந்தது. பெற்ற பிள்ளையைக் கொடுப்போம் என்று ஒரு தகப்பன் புள்ளிவிபரத்தோடு வாதாடுவானா? வாசகர் நம்பமாட்டார் என்று நினைத்து, முதல் பிரதியில் அவருக்கு வாய்ப்பூட்டுப் போட்டேன். கதை செத்துப்போனது. திரும்பவும் வாயைத் திறந்துவிட்டேன்.

ஜெயனிக்கும் அதே சந்தேகம். வியாழன் பின்னேரம் அவர் வீட்டுக்கே போனாள். ஆனந்தராசா தேத்தண்ணி போட்டார். றொக்சன் வெளியே புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"அன்ரி, என்னை விக்கப் போறியளாமே?" என்று சிரித்தான்.

சிரித்துக்கொண்டே மேல் அலுமாரியில் இருந்த கிளாசை எடுக்க எட்டினான். நுனிக்காலில் நின்று, உடம்பைத் திருப்பி, வலக்கையால். இடக்கை அவன் பக்கத்தில் பேசாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

(முதலில் அவன் இடக்கையிலிருந்து கரண்டி விழுவதாக எழுதினேன். பிறகுதான் யோசித்தேன்: எங்கள் வீடுகளில் இடக்கைப் பிள்ளையையும் அடித்தாவது வலக்கையால்தான் சாப்பிடப் பழக்குவார்கள். சாப்பாட்டு மேசையில் றொக்சனின் தோள் அகப்படாது.)

அவன் போனதும் ஜெயனி ஆனந்தராசாவைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அவன்ரை தோள் பிழை, என்ன?"

ஆனந்தராசா கீழே தெருவைப் பார்த்தார். "மே மாசமே தெரியும். எறிஞ்சுபோட்டு வந்து குளிர்பெட்டிக் கட்டியை வைச்சுக்கொண்டு கதவைப் பூட்டுவான்."

"சொல்லேல்லையோ?"

"சொன்னன். தாய் உயிரோடை இருந்திருந்தா அவ சொல்லிக் கேட்டிருப்பான். நான் சொன்னா இன்னும் இறுக்கி எறிவான்."

"பேந்து ஏன் ட்றேட்?"

"அவன் சகனே போகமாட்டான், பிள்ளை. வேலை இஞ்சை. மாத்தின இடத்துக்குப் போகாட்டி இந்த வருசம் முழுக்க விளையாடேலாது. கழகச் சட்டம் அது. அப்பிடியெண்டாலும் தோள் ஆறும்."

"அங்கத்தையாக்களை ஏமாத்திறதெல்லோ?"

"அவையின்ரை கச்சர் எப்பிடியும் மொன்றியலுக்குத்தானே வாறார்."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். ஜெயனி கடைசியாகக் கேட்டாள்: "தகப்பனே தன்னைக் குடுத்துப்போட்டார் எண்டு அவன் நினைப்பானே?"

"நினைக்கட்டும். கோவம் ஆறும். தோள் கிழிஞ்சா ஆறாது."

(சாமத்தியவீட்டில் நான் இடைமறித்துக் கேட்டேன்: "அவருக்கு உண்மையிலேயே கச்சரும் வேணுமாய் இருந்ததோ?" ஜெயனி அக்கா சிரித்தார். "அதுவும்தான். குருவியள் எண்டா அந்தாள் உயிரை விடும்." அந்தப் பதிலுக்குப் பிறகுதான் ஆனந்தராசா எனக்கு முழு மனிதரானார்.)

5

வெள்ளி, நாலரை மணி. பயிற்சி நடந்துகொண்டிருந்தது. முகாமையாளர் படிக்கு வந்து, "என்ன முடிவு?" என்றார். தூரத்தில், எறிமேட்டுக்குப் பக்கத்தில், றொக்சன் உடம்பைச் சூடாக்க மெதுவாக எறிந்துகொண்டிருந்தான்.

கொடு என்றால் பொய். வைத்திரு என்றால் இன்னும் ஐந்து கிழமை அவன் அந்தத் தோளால் எறிவான். ஜெயனி முதல் நாள் இரவு முழுக்க என்ன யோசித்தாள் என்று ஒரு பந்தி எழுதி வெட்டிவிட்டேன். அவள் எனக்கு அதைச் சொல்லவில்லை. "ஒண்டும் யோசிக்கேல்லை. வாயிலை வந்திட்டுது" என்றுதான் சொன்னாள்.

வாயில் வந்தது, வானொலியில் கற்ற பிரெஞ்சில், வர்ணனையாளர் சொல்வதுபோலவே வந்தது: "ட்றேட்டுக்கு நான் இல்லை. ஆனால் பையனுக்குத் தோளில் காயம். எறியவிடக் கூடாது."

லூக் வாயைப் பிளந்தார். ஆனந்தராசா கண்ணை மூடிக்கொண்டார். முகாமையாளர் திரும்பி மைதானத்துக்குள் நடந்தார். றொக்சனுக்கு முன்னால் நின்று, "கையைத் தூக்கு," என்றார்.

தோள் மட்டத்துக்கு வந்தது. அங்கே நின்றது. றொக்சன் ஏதோ பகிடிபோலச் சிரித்தான்.

"இன்னும்."

வரவில்லை. சிரிப்பும் நின்றது. அவன் முகாமையாளரை விட்டுவிட்டுப் படியைப் பார்த்தான். வேலியடிக்கு வந்து தமிழில் கேட்டான்:

"ஆர் சொன்னது?"

ஆனந்தராசா எழும்பினார். "நான்தான்," என்றார்.

லூக்குக்குத் தமிழ் தெரியாது. "என்ன சொல்கிறார்கள்?" என்று ஜெயனியின் முழங்கையில் தட்டினார். ஜெயனி மொழிபெயர்த்தாள்: "தகப்பன்தான் சொன்னாராம்."

லூக் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அவள் திருத்தவில்லை.

6

பிறகு நடந்தவற்றில் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, அப்படியே தருகிறேன். ஸ்கான் எடுத்தார்கள். தசைநார் பாதி கிழிந்திருந்தது. அந்தப் பருவம் முழுக்க எறிந்திருந்தால் வெட்டித் தைக்கவேண்டி வந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார். கச்சர் மொன்றியலுக்கு வந்து வேறொரு குழுவில் சேர்ந்தார். குருவியள் ஒரு வெற்றி வித்தியாசத்தில் ஐந்தாமிடம்.

ஓகஸ்டில் றொக்சன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கர்க்லாண்டில் ஒரு சிநேகிதன் வீட்டு நிலவறைக்குப் போனான். அப்பாவின் அழைப்பை எடுப்பதில்லை. விற்கவும் பார்த்து, முடியாதபோது காட்டியும் கொடுத்தவர் என்பது அவன் கணக்கு.

ஜெயனியின் அழைப்பை எடுப்பான். அவளுடைய பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினான். அதில் ஒரு வரி: "அண்டைக்கு என்ரை பக்கம் நிண்டது நீங்கள் ஒராள்தான் அன்ரி."

அந்த வரியைச் சாமத்தியவீட்டில் எனக்குக் காட்டினாள். கைபேசியைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்தாள். "ஆனந்தராசா அண்ணையிட்டைக் கேட்டன், நான் போய் உண்மையைச் சொல்லட்டோ எண்டு. 'வேண்டாம் பிள்ளை, அவனுக்கு ஒராளெண்டாலும் மிச்சம் இருக்கட்டும்' எண்டுறார்."

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

(அ) மார்கழியில் முதல் பனி. றொக்சன் அப்பாவின் வீட்டு வாசலில் பனி வழிக்கிறான், இரண்டு கையாலும். யாரும் எதுவும் பேசவில்லை.

வடிவாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன். உண்மையில் அந்த மார்கழி ஆனந்தராசா தனியாகத்தான் பனி வழித்தார்.

(ஆ) ஜெயனி எதையும் சொல்லவில்லை. பஸ் ஓட்டுகிறாள். பொய் அவளோடு பின் ஆசனத்தில்…

(பின் ஆசனத்தில் பொய்! நல்லகாலம் யாரும் பார்க்கவில்லை.)

(இ) லூக் சொல்லிவிடுகிறார். நடக்கக்கூடியதுதான். ஆனால் ஜெயனியின் சுமையைத் தபால்காரர் காவுவது எனக்குப் பிடிக்கவில்லை.

போன வியாழன் தொலைபேசியில் முழுவதையும் ஜெயனி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன், முடிவில்லாமல். வேலியடிக் காட்சியை வாசித்தபோது அங்கே ஒரு சத்தமுமில்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று, "அக்கா?" என்றேன்.

"இருக்கிறன். அந்த 'திருத்தவில்லை'யைத் திருப்பி வாசியுங்கோ."

வாசித்தேன்.

"சரி," என்றார். "முடிவை எழுதாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை கர்க்லாண்டுக்குப் போறன்."

"ஆனந்தராசா அண்ணை வேண்டாமெண்டவர்."

"அது அவற்றை வோட். நான் என்ரையைப் போடுறன்."

இன்றைக்கு ஞாயிறு. வெளியே மைனஸ் பதினெட்டு. பத்தரைக்குப் புறப்படுவதாகச் சொன்னார், இப்போது பதினொன்றேகால். அந்த நிலவறைக் கதவில் இந்நேரம் தட்டியிருக்கலாம். தட்டாமல் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருக்கவும் கூடும். றொக்சன் தன்னோடு மிஞ்சியிருந்த ஒரே ஆளையும் இன்றைக்கு இழக்கப்போகிறானா, அப்பாவைத் திரும்பப் பெறப்போகிறானா, இரண்டுமா என்று எனக்குத் தெரியாது. கைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுதிவிடுவேன்.

எடுக்கவில்லை. கதவு உங்கள் பக்கம். யாரைக் கொண்டு திறப்பிப்பது, முதல் வார்த்தையை யார் சொல்வது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஒன்றே ஒன்று: ஜெயனி அக்கா அங்கே சொல்லப்போகும் வாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்காதீர்கள். அதை அவரே தமிழில் சொல்லட்டும்.