சேலையில் பட்ட மஞ்சள்

விடியற்காலைக் கருக்கலிலேயே கையில் கட்டர் கத்தி ஓடத் தொடங்கிவிடும். டேப்பைக் கிழி, அட்டைப்பெட்டியைப் பிள, உள்ளே இருப்பதை எடு, பெட்டியை மிதித்துத் தட்டையாக்கு, அடுத்ததை இழு. உளுந்தூர்பேட்டை பைபாஸ் ஓரத்துக் குடோனில் தைலம்மாளுக்குப் பொழுது இப்படித்தான் விடியும். தகரக் கூரை இன்னும் சூடேறவில்லை. அதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அட்டைத் தூசி மூக்கில் ஏறியது. தும்முவதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

இது இன்ன வேலை என்று சொந்த ஊர்க் களமருதூர்க்காரர்களுக்கு விளங்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற நம் ஆட்கள் போனிலேயே இங்குள்ள கடைகளில் சேலை, கொலுசு, இட்லிப் பானை என்று வாங்குகிறார்கள். கடைக்காரன் கடல் தாண்டி அனுப்ப மாட்டான். அதனால் முதலாளி காசிநாதனின் குடோன் விலாசத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒருத்தர் பேரில் வந்து சேர்கிற பெட்டிகளை எல்லாம் பிரித்து, சாமான்களை ஒரே பெட்டியில் அடைத்து, இறுக்கி, ஏர்போர்ட் போகிற வேனில் ஏற்ற வேண்டும். பெட்டி சிறுக்கச் சிறுக்கக் காசிநாதனுக்கு லாபம். வேன் கிளம்பும் நேரம் நெருங்கினால், "கை ஓடட்டும், கை ஓடட்டும்" என்று முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார். கை ஓடினால் கட்டரும் ஓடும். அட்டை எது, விரல் எது என்று கட்டருக்குத் தெரியுமா?

கையுறை கேட்டார்கள். "அத்த மாட்டிக்கினா டேப்பு ஒட்டிக்கும், வேல ஓடாது" என்றுவிட்டார். மருந்துப் பெட்டி கேட்டார்கள். "பாக்கலாம்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். ஆகவே ஜன்னல் மேல் ஒரு மஞ்சள்தூள் டப்பா. வெட்டுப்பட்டால் ஒரு சிட்டிகை வைத்து அழுத்தி, மேலே டேப்பைச் சுற்றிக்கொண்டு அடுத்த பெட்டி. கதிர் அறுக்கையில் செய்ததுதான். நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்து, வேலை தேடி இங்கே வந்தவர்களோடு அந்தப் பழக்கமும் ஷேர் ஆட்டோ ஏறி வந்துவிட்டது.

பக்கத்து மேஜை சுபஸ்ரீக்கும் அதைத்தான் வைத்தார்கள். கட்டர் அவள் உள்ளங்கையை ஆழமாகக் கிழித்துவிட்டது. தைலம்மாள்தான் மஞ்சளை அள்ளி வைத்துக் கட்டினாள். "வேன் நிக்குது, அந்தச் சேலப் பொட்டிய மட்டும் மூடிட்டுப் போம்மா" என்றார் காசிநாதன். அந்தப் பெண்ணும் பல்லைக் கடித்துக்கொண்டு மூடிவிட்டுத்தான் போனாள். கை வீங்கிச் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கீறிச் சுத்தம் பண்ணினார்கள். இப்போது இரண்டு விரல் மடங்குவதில்லை. "கை நல்லாவட்டும், அப்பால பாக்கலாம்" என்று அவளை வீட்டோடு நிறுத்திவிட்டார். மறுபடியும் அதே பாக்கலாம்!

அன்றிலிருந்து தைலம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாம் வைத்த மஞ்சளால்தான் கை கெட்டதோ என்று ஒரு பக்கம் அரித்தது. சோறு தின்னும்போதும் கை சும்மா இருக்காது. முந்தானையைச் சுருட்டும், பிரிக்கும், மறுபடி சுருட்டும்.

இன்றைக்குக் காசிநாதன் வாயெல்லாம் பல்லாக வந்தார். கூடவே ஆபீஸ் வேலை பார்க்கிற அபிநயா, கையில் போனோடு.

"எல்லாரும் கேளுங்க. கனடாலேர்ந்து எழில்மதின்னு ஒரு அம்மா எல்லாரும் பாக்கற மாதிரி போன்ல படம் போட்டு எழுதியிருக்காங்க. படிம்மா."

அபிநயா படித்தாள். "என் வளைகாப்புச் சேலையின் ஓரத்தில் யாரோ மஞ்சள் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். இங்கே எனக்கு அதைச் செய்ய அம்மா இல்லை. பார்த்ததும் அழுதுவிட்டேன். வைத்த கைக்கு நன்றி."

"பாத்தீங்களா! ஊரெல்லாம் இதான் பேச்சு. இனிமே எல்லாப் பொட்டிலயும் மஞ்சா வெச்சுத்தான் அனுப்பறோம். இப்போ போன்ல நேரலை போடறோம். தைலம்மா, உனக்குத்தான் நல்ல மங்களகரமான முகம். 'உங்க அம்மா மாதிரி நெனச்சு நான்தான் வெச்சேன்'னு சிரிச்சிக்கினே சொல்லு."

தைலம்மாள் போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தாள். இளஞ்சிவப்புப் பட்டு. ஓரத்தில் மஞ்சள் தீற்றல். அதன் விளிம்பில் கறுத்துப்போன ஒரு பொட்டு. சுபஸ்ரீ அன்றைக்கு மூடிய பெட்டிச் சேலைதான்.

"வெச்சது நான் இல்லீங்க. சுபா."

"எந்த சுபா?"

"கை அறுபட்டு வூட்டுல கெடக்கறாளே, அந்த சுபாங்க. இது வாழ்த்தி வெச்ச மஞ்சா இல்லீங்க. காயத்துலேர்ந்து ஒட்னது. இதோ பாருங்க, ரத்தம்."

காசிநாதன் குரலைத் தணித்தார். "எனக்கும் தெரியுது. அத்த யாரு கேட்டா? அந்தம்மா சந்தோசமா கீறாங்க, உனக்கு இன்னா வந்துது? இஷ்டம் இல்லன்னா சொல்லு, வேற ஆளு பேசட்டும். நீ நாளையிலேர்ந்து வராத."

வரிசையாக ஓடிக்கொண்டிருந்த கட்டர்கள் நின்றன. தைலம்மாளின் புருஷனுக்கு இடுப்பு போய் வருஷமாகிறது. இந்த வேலை போனால் அடுப்பில் பூனை தூங்கும். அது அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், காசிநாதனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பித்தளைத் தட்டில் குழைத்த மஞ்சள், மேஜையில் ஒரு புதுச் சேலை. "அப்படி வா வழிக்கு" என்றார் காசிநாதன். அபிநயா போனை உயர்த்திப் பிடித்துத் தலையசைத்தாள்.

தைலம்மாள் மஞ்சளைத் தொடப் போனாள். விரலில் பழுப்பு டேப். நேற்றைய வெட்டு. அந்த டேப்பை மெதுவாக உரித்தாள்.

"கனடா அம்மா, வணக்கம். என் பேரு தைலம்மாள். உங்க சேலையில மஞ்சா வெச்சது நான் இல்ல, சுபஸ்ரீன்னு ஒரு பொண்ணு. வெக்கணும்னு வெக்கல. கட்டரு கையக் கிழிச்சிடுச்சி. இங்க மருந்து கெடையாது, மஞ்சாதான். அந்தக் கையோடதான் உங்க பொட்டிய மூடுனா. இப்போ அவ விரலு மடங்கல, வேலையும் இல்ல. நல்ல நாளும் அதுவுமா இத்தச் சொல்றனேன்னு கோவிச்சுக்காதம்மா. பொய் சொல்லி உன் கண்ணீர வாங்கிக்க எனக்கு மனசு வர்ல."

"கட் பண்ணு! கட் பண்ணுடி!"

அபிநயா திரையைப் பார்த்தாள். "ஆளுங்க பாத்துக்கினு இருக்காங்க சார்" என்றாள். போனை இறக்கவில்லை.

எதிர் மேஜையில் வேலை பார்க்கும் பூமாலை தன் கட்டரை வைத்துவிட்டு வந்து தைலம்மாளின் பக்கத்தில் நின்று, தன் கட்டைவிரல் டேப்பை உரித்துக் காட்டினாள். அவள் பின்னால் பெரியநாயகி. அப்புறம் ஆளாளுக்கு. போனுக்கு முன்னால் கைகளாக நீண்டன. வெட்டிய தழும்பும், மஞ்சள் ஏறிய நகமுமாக.

"எங்க கழனியில நாத்து நட்டுக்கினு வெயில்ல கெடந்தவங்களுக்கு நெழல்ல வேல குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்!" என்று கத்தினார் காசிநாதன்.

"நெழலு நல்லாதாங்க கீது," என்றாள் பூமாலை. "கைதான் மிஞ்ச மாட்டங்குது."

"ஒருத்தர் உடாம எல்லாரையும் நிறுத்திடுவேன்!"

"நிறுத்துங்க. இந்தப் பொட்டிய எல்லாம் யாரு மூடறதுன்னும் சொல்லிடுங்க," என்றாள் தைலம்மாள். "சுபாவுக்கு வைத்தியம் பாருங்க. வேல குடுங்க. கையுறையும் மருந்துப் பொட்டியும் வரட்டும். அது வரைக்கும் கட்டரத் தொட மாட்டோம்."

சொல்லிவிட்டுப் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். பழக்க தோஷத்தில் பெரியநாயகி எழப் பார்த்தாள். பூமாலை முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. காசிநாதன் யாருக்கோ போன் போட்டபடி வாசலுக்கும் ஆபீசுக்கும் நடந்தார். போலீசுக்கோ, வேறு ஆள் பிடிக்கவோ. எதுவானாலும் வரட்டும்.

"யக்கா," என்றாள் அபிநயா, போனைப் பார்த்து. "எழில்மதி மேடம் கேட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு கை இப்போ எப்படி இருக்கு, பேச முடியுமான்னு."

"இருக்கச் சொல்லு. மூஞ்சி கழுவப் போனப்பவே சுபாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், ஷேர் ஆட்டோல வந்துக்கினு கீறா. அவளே வந்து கையக் காட்டுவா."

ஹாரன் மறுபடி அடித்தது. யாரும் அசையவில்லை. தைலம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அவள் கை சும்மா கிடந்தது.