இடப் பற்றாக்குறை

மனித குலம் மண்ணுக்காகச் சண்டை போட்டது, தண்ணீருக்காகச் சண்டை போட்டது. இனிமேல் அது போடப்போகும் மாபெரும் சண்டை, தரவை வைக்கும் இடத்துக்காகத்தான்.

குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து இப்படி முழங்கியவரின் பாதி முகத்தில் சவர நுரை இருந்தது.

"சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். எனக்கும் ஆபீஸ் இருக்கு, கதவத் திறங்க" என்றாள் மனைவி.

அவர் ஒரு மெத்தைக் கம்பெனியின் கணினிப் பிரிவு மேலாளர். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் 'டெராபைட்' என்றார்கள். அது காதில் விழுந்தும் கேலி என்று தெரியாமல் அவர் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தார். கம்பெனியின் தரவைச் சேமிக்கும் டிரைவ்கள் நிரம்பி வழிந்தன. புது டிரைவ்கள் வாங்க முதலாளி தலையாட்டிவிட்டால், கூடவே புதிதாக முளைக்கும் தரவுத் தலைவர் பதவியும் அவருக்குத்தான். கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. அந்தக் கதவில் தன் பெயரை எந்த உயரத்தில் ஒட்டுவது என்றுகூட முடிவு செய்துவிட்டார்.

அன்று முதலாளியுடன் நடந்த கூட்டத்தில் முழக்கம் நன்றாகத்தான் போனது. முதலாளி தலையாட்டக்கூட ஆரம்பித்தார். கணக்குப் பிரிவுத் தலைவி குறுக்கே வந்தாள். எந்தச் செலவையும் வெட்டிவிடுவதால் அவளுக்குக் கத்தரி என்று பெயர்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். நாம விக்கிறது மெத்த. இவ்ளோ தரவு எங்கேருந்து வருது?"

"மேடம், தரவுங்கறது எதிர்காலத்தோட கச்சாப்பொருள். அத எங்கேருந்துன்னு கேக்கக் கூடாது."

"சரி, கேக்கல. பாத்துடலாமா?"

முதலாளியும் பார்க்க ஆசைப்பட்டார். பெரிய கோப்பு முதலில் வரும்படி கத்தரி திரையில் வரிசைப்படுத்தினாள். மேலிருந்து கீழ்வரை எல்லாமே வீடியோ. எல்லாமே இதே கூட்ட அறையில் எடுத்தவை.

தினமும் சாயங்காலம் இங்கே கேமராவைப் போட்டு உரையை ஒத்திகை பார்ப்பது டெராபைட்தான்.

"ஒத்திகை சார். சுய முன்னேற்றம்" என்றார்.

கத்தரி ஒன்றைத் திறந்தாள். டெராபைட் திரையில் முழங்கினார், தனக்குத் தானே கை தட்டிக்கொண்டார், பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கேமராவை அணைக்கவில்லை. அதன்பிறகு காலி நாற்காலிகள். கத்தரி வேகமாக ஓட்டினாள். துப்புரவுக்கார அம்மா வந்து மேசையைத் துடைத்துவிட்டு விளக்கை அணைத்தார். அப்புறம் விடியும்வரை கும்மிருட்டு, மிக உயர்ந்த தரத்தில்.

"அடுத்ததுலயும் இருட்டுதானா?" என்றார் முதலாளி.

"எல்லாத்துலயும் சார். ஒவ்வொரு இருட்டுக்கும் பத்திரமா மூணு நகல் வேற இருக்கு."

"பாதுகாப்பு விதி சார்" என்றார் டெராபைட் ஈனக்குரலில்.

யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். முதலாளி நல்ல மனிதர், ஆளைக் கைவிடவில்லை.

"பரவால்லப்பா, மனுஷன்னா மறதி இருக்கும். இந்த இருட்டெல்லாத்தையும் எங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடு. பதவியப் பத்தி அப்புறம் பேசுவோம்."

கத்தரி எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். டெராபைட் கம்பீரமாக உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார், மௌஸைப் பிடித்தார். அறை முழுக்கத் திரையைப் பார்த்தது. அம்புக்குறி மேலே போனது, கீழே வந்தது, ஓரத்தில் நின்றது.

ஒரு கோப்பை எப்படி அழிப்பது என்று அவருக்குத் தெரியாது.