நொச்சியாற்றில் நீச்சல் தேர்வு

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒரு வேலை விளம்பரத்தில் தொடங்கியது. 1982 ஆடி மாதம், திருச்சியில் நொச்சியாறு சீரமைப்பு அலுவலகத்துக்கு ஓர் இன்ஜினியர் தேவைப்பட்டார். மனுப் போட்டு நேர்முகம் வரைக்கும் வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருத்தி மேலப்புதூர் லூர்துராணி. கதை அவளுடையது.

[ஆற்றுக்கும் அலுவலகத்துக்கும் பெயர் வைத்தவன் நான்தான். வரைபடத்தில் தேட வேண்டாம்.]

முதல் வரியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

'காவிரி அன்று இரு கரையும் தொட்டு' — வேண்டாம். எல்லாக் கதையிலும் அது இரு கரையும் தொட்டுத்தான் ஓடுகிறது.

'லூர்துராணி கண்ணாடி முன் நின்று தன்னையே ஒருமுறை' — இதை அவளிடமே படித்துக் காட்டினேன். "கண்ணாடியா? நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கிட்டிருந்தேங்க" என்றாள்.

'ஆற்றைக் காப்பாற்றும் அலுவலகத்தில் எல்லாம் இருந்தது, ஆற்றைத் தவிர.' இது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. இருந்தாலும் உண்மை. அதனால் இங்கிருந்தே போகலாம்.

2

எழுபத்தேழு வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கிய அலுவலகம் அது. நொச்சியாறு காவிரியிலிருந்து பிரிந்து, ஊர் ஓரமாகச் சுற்றி, மறுபடி காவிரியிலேயே சேரவேண்டிய சின்ன ஆறு. பல வருஷமாகக் காய்ந்து கிடந்தது. அதைச் சீராக்க ஜீப் வந்தது, டிரைவர் வந்தார், டைப்பிஸ்ட் ஜீனத் வந்தார், வாட்ச்மேன் வந்தார். கட்டடத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ஆற்றுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள். குறுக்கே ஒரு காம்பவுண்டு சுவரும் எழுப்பினார்கள். இன்ஜினியர் மட்டும் வரவில்லை.

லூர்துராணி சிவில் படித்தவள். எங்கே போனாலும், "சைட்ல பொம்பளைப் புள்ள எப்படிம்மா நிக்கிறது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். டுடோரியல் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினாள். ஆவணி பிறந்தால் வயது வரம்பு தாண்டிவிடும். அதற்குப் பிறகு எந்த அரசு வேலைக்கும் மனுப் போட முடியாது. இதுதான் கடைசி.

3

நேர்முகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத் தலைவர் நல்லுசாமி. நிபுணராக வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸௌம்யநாராயணன், ஸ்ரீரங்கத்துக்காரர்.

எங்கள் இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார்கள். பேராசிரியர் மண் அரிப்பைப் பற்றிக் கேட்டார், கரை கட்டுவதைப் பற்றிக் கேட்டார். லூர்துராணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நான் சிலவற்றுக்குச் சொன்னேன்.

"பேஷ். இந்தக் குழந்தையையே போட்டுடலாம். வேறென்ன?" என்றார் பேராசிரியர்.

நல்லுசாமி தொண்டையைக் கனைத்தார். "விதி ஒண்ணு பாக்கி இருக்குங்க. இன்ஜினியருக்கு நீச்சல் தெரிஞ்சிருக்கணும். அதையும் நம்ம ஆபீஸ் பொறுப்புல இருக்கிற ஆத்துலதான் நீந்திக் காட்டணும்."

எல்லோரும் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தோம். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"தண்ணி இல்லையே சார்" என்றாள் லூர்துராணி.

"அதாம்மா அஞ்சு வருஷமா யாரையும் போட முடியல."

"காவேரியிலே நீந்திக் காட்டப்படாதோ? எங்காத்துப் பக்கம் அம்மா மண்டபம் படித்துறையிலேயே..." என்றார் பேராசிரியர்.

"காவிரி வேற டிபார்ட்மெண்டுங்க."

லூர்துராணி கேட்டாள்: "இந்த ஆத்துல தண்ணி ஏன் வரலை?"

"சீராக்கல."

"ஏன் சீராக்கல?"

"இன்ஜினியர் இல்லையே."

[இந்த இடத்தில் நல்லுசாமியை ஒரு முட்டாளாக எழுதியிருந்தேன். லூர்துராணி அதை அடித்துவிட்டாள். "அவரு முட்டாள் இல்லைங்க. இந்த ஆத்துக் கரையில பொறந்தவரு. அடுத்து நான் கேட்டதுக்குக் கையெழுத்துப் போட்டாரே, அதை எழுதுங்க." எழுதுகிறேன்.]

"சார், தேர்வு நடத்த வேண்டியதை ஏற்பாடு செய்ய உங்களுக்கு அதிகாரம் இருக்கா?"

"அது இருக்கே. மேசை, நாற்காலி, பந்தல்..."

"தண்ணி?"

நல்லுசாமி மின்விசிறியைப் பார்த்தார். "தேர்வுக்குத் தேவையான பொருள்னு எழுதலாம்" என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

4

காவிரியிலிருந்து ஆறு பிரியும் தலைமதகிலிருந்து அலுவலகம் வரைக்கும் லூர்துராணி வெயிலில் நடந்து அளந்தாள். நானும் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். போட்டியாளன் என்பது பாதி வழியில் மறந்துவிட்டது. தண்ணீரைத் தடுத்தவை இரண்டுதான்: துருப்பிடித்து இறுகிப்போன மதகு, அப்புறம் அலுவலகத்தின் காம்பவுண்டு சுவர்.

மதகுக்கு கிரீஸ் போட்டார்கள். சுவரை, 'தேர்வுக்கு இடையூறு' என்று எழுதி இடித்தார்கள்.

"சுவர் போயிட்டா ஆபீஸுக்குப் பாதுகாப்பு என்னம்மா?" என்று கேட்டார் நல்லுசாமி.

"சுத்தித் தண்ணி இருக்கும்ல சார்."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

மதகைத் திறந்த அன்று முதலில் வந்தது தண்ணீர் இல்லை, வாசனை. அடுத்து ஒற்றைச் செருப்பு, உடைந்த குடம், வாழைமட்டைகள். அவற்றைத் தள்ளிக்கொண்டு பழுப்பாகத் தண்ணீர். ஜீனத் கார்பன் தாளும் கையுமாக ஓடிவந்தார். நல்லுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கணுக்கால் வரை இறங்கி நின்றார்.

5

தம்பியின் பேன்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு லூர்துராணி நீந்தினாள். அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தாள். நட்டாற்றில் ஒருமுறை மல்லாந்து கிடந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை வர்ணிக்க ஒரு பத்தி எழுதினேன். அது ஒரு மலர் போல, ஒரு— விட்டுவிட்டேன்.

"தெப்போத்ஸவம் மாதிரின்னா இருக்கு!" என்றார் பேராசிரியர்.

அடுத்தது நான். நீந்தினேன் என்று சொல்லமாட்டேன். ஆறு என்னைக் கொண்டுபோய் ஒரு கரையில் போட்டது. 'கரை சேர்ந்தார்' என்று எழுதிக்கொண்டார்கள். அதுவும் தேர்ச்சிதான்.

நல்லுசாமி சந்தோஷத்தில் மெட்ராஸுக்குத் தந்தி அடித்தார்: நொச்சியாற்றில் தண்ணீர் ஓடுகிறது, லூர்துராணி முதலிடம். பதில் உடனே வந்தது. ஜீனத் உரக்கப் படித்தார்: "தண்ணீர் ஓடுவதால் சீரமைப்பு முடிந்தது. இன்ஜினியர் பதவி ரத்து."

6

நாங்கள் மதகு மேல் நின்றோம். நல்லுசாமியின் குரல் இறங்கியிருந்தது.

"ஆறு வத்திடுச்சுன்னு நான் எழுதினா பதவி திரும்ப வந்துடும். ஆனா நான் பொய் எழுதமாட்டேம்மா. நீங்க மதகை மூடினீங்கன்னா அது பொய் இல்ல. நாளைக்கே ஆர்டர்."

"வேலையில சேர்ந்தப்புறம் தொறந்துக்கலாமா சார்?"

"தொறந்தா அன்னைக்கே பதவி போயிடும்."

அவள் மதகின் கைப்பிடியைப் பிடித்தாள். கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் என்ற அம்மாள் அண்ணாந்து பார்த்தார். எங்களில் யாரையும் அவருக்குத் தெரியாது.

"ஏம்மா, நாளைக்கும் தண்ணி வருமா? வந்தா போர்வையெல்லாம் கொண்டாருவேன்."

7

முடிவு ஒன்று: லூர்துராணி மூடினாள், ஓய்வுபெறும் வரை ஒரு காய்ந்த ஆற்றைச் சீராகக் காத்தாள். ("நான் மூடலைங்க" என்கிறாள். சரி, அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: கைப்பிடியைக் கழற்றி ஆற்றில் வீசினாள். ("அது வெல்டிங் வச்சதுங்க. கழட்ட வராது.")

நடந்தது இதுதான். அவள் கையை எடுத்தாள். "வரும்மா, கொண்டாங்க" என்றாள். படியிறங்கிப் போய்க் கையிலிருந்த கிரீஸைக் கழுவினாள். பிறகு முகம் கழுவினாள். முகம் கழுவ ஏன் அவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. ஆவணி பிறந்தது. அரசு வேலை இல்லாமல் போயிற்று. இப்போது முசிறியில் வீடுகளுக்குப் பிளான் போட்டுக்கொடுக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.

நியாயமாகக் கதை இங்கே முடியவேண்டும். ஆனால் மதகு மேல் நல்லுசாமி நகரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சார், லிஸ்ட்ல அடுத்தது நீங்கதான்."

எனக்கு வயது வரம்பு தாண்டப் பல வருஷம் இருந்தது. கைப்பிடி வெயிலில் சுட்டது. கீழே லூர்துராணி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பொன்னுத்தாய் நாளை வரை காத்திருக்கவில்லை. போர்வை எடுக்க அப்போதே வீட்டுக்குப் போயிருந்தார்.

அதற்கு மேல் நான் எழுதவில்லை. எழுதியதையும் கிழித்துவிட்டேன். கைப்பிடியிலிருந்து என் கையை எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் கையை வையுங்கள். வலப்பக்கம் திருப்பினால் மூடும். அதோ, போர்வை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கரைமேல் பொன்னுத்தாய் வந்துகொண்டிருக்கிறார்.