கீழ்வீட்டுக்குக் கேட்கட்டும்

உருண்டை முதன்முதலாகத் தெளிவாகச் சொன்ன வார்த்தை 'அம்மா' இல்லை. 'அப்பா'வும் இல்லை. 'உஷ்' என்பதுதான். அப்போது அவனுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. சொல்லும்போது ஆள்காட்டி விரலை உதட்டில் வைக்கத் தெரியாமல் மூக்குக்குள் விட்டுக்கொண்டான். அவனைப் பெற்றவர்கள் இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதையும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல்தான் சிரித்தார்கள்.

அவர்கள் இருந்தது ஒரு மாடி வீடு. கீழே அந்த வீட்டின் சொந்தக்காரர் தனியாக இருந்தார். நூல் மில்லில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரங்களுக்கு நடுவிலேயே ஆயுளைக் கழித்ததில் அவர் காதுக்குள் ஒரு ரீங்காரம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. மேலே ஒரு கரண்டி விழுந்தால் போதும், அந்த ரீங்காரம் தலை முழுவதும் பரவி மண்டையைப் பிளக்கும் என்பார். அந்த வலியை ஒட்டடைக் கம்பின் அடிப்பக்கத்தால் கூரையில் 'டொக் டொக் டொக்' என்று இடித்துத் தெரியப்படுத்துவார்.

அவருக்குப் பயந்து மாடியில் எல்லாமே மாறிப்போயிருந்தது. நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருந்தார்கள். எவர்சில்வர் தட்டுகள் பரணுக்குப் போய், பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. ரப்பர் பந்து பீரோவுக்குள் ஆயுள் தண்டனை அனுபவித்தது. உருண்டையின் பொம்மைக் காரின் சக்கரங்களில் துணி சுற்றியிருந்ததால் அது ஓடாது, இழுபடும். அப்பா பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஹாரன் அடிக்கும் மனிதர், வீட்டுப் படி ஏறும்போது மட்டும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி ஏறுவார். அம்மாவுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் மதியம் வரை வேலை. அங்கே தேய்ப்பு இயந்திரத்தின் கிறீச்சலுக்கு மேலே தொண்டை கிழியப் பேசுவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் குரலைச் செருப்போடு வெளியே விட்டுவிடுவாள்.

இதில் எல்லாரையும் மிஞ்சியவள் மூத்தவள் பட்டாணி. நான்கு வயது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் வந்த பெயர். தம்பி அழ வாயைத் திறந்தால் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்துவாள். தண்ணீர் வேண்டுமானால் அம்மாவின் புடவையை இழுத்துக் குனியவைத்துக் காதுக்குள் கேட்பாள். பார்த்தவர்கள் எல்லாம், "என்னம்மா உங்க பொண்ணு இவ்ளோ சாது! குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார்கள். அம்மாவுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் முற்பகல், அவள் மெழுகுத் தாடையில் ஒரு கிழவருக்கான கடைவாய்ப் பல்லைப் பதித்துக்கொண்டிருந்தபோது குழந்தைகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். பட்டாணி வகுப்பில், உருண்டை பக்கத்து அறைக் காப்பகத்தில்.

"கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டீச்சர்.

பயம் அந்த நொடியில்தான் ஆரம்பித்தது. கையில் ஒட்டிய மெழுகைக்கூடத் துடைக்காமல் ஓடினாள்.

பட்டாணி டீச்சரின் மடியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, முடி வேர்வையில் ஒட்டிக்கிடந்தது.

"பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சும்மா" என்றார் டீச்சர். "பாட்டு நேரம். ஒரே சத்தம். முடிஞ்சு பார்த்தா இவளக் காணோம். தோட்டம், வாசல், தெருன்னு ஓடாத இடம் இல்ல. பாத்ரூம் கதவையும் தட்டினோம், சத்தமே வரல. கடைசியில ஆயாம்மாதான் கதவுல காதை வெச்சுப் பார்த்தாங்க. உள்ள இருந்து டீச்சர், டீச்சர்னு கூப்பிட்டுட்டேதான் இருந்திருக்கா. ரகசியம் பேசற மாதிரி."

அம்மா தரையில் மண்டியிட்டாள். "ஏன் கண்ணு? சத்தமா கூப்பிட வேண்டியதுதானே?"

பட்டாணி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதருகே வந்தாள். "கீழ இருக்கறவங்க எழுந்துடுவாங்கல்ல?"

டீச்சருக்கும் அது கேட்டது. இருவரும் தங்களை அறியாமல் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பள்ளிக்கு மாடியே கிடையாது. ஓடு வேய்ந்த ஒற்றைக் கட்டடம். கீழே மண்தான் இருந்தது.

அம்மா அன்று வேலைக்குத் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே படி ஏறினாள். கதவைச் சாத்தவும் இல்லை. பட்டாணியைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினாள்.

"இப்ப கத்து."

பட்டாணி விழித்தாள்.

"சும்மா கத்துடி செல்லம். அம்மான்னு கத்து. அம்மா எதுவும் சொல்ல மாட்டேன்."

பட்டாணி வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். கண்ணில் நீர் தளும்பியதே தவிரக் குரல் எழும்பவில்லை.

அம்மா தலையை நிமிர்த்தி, "ஆ!" என்று ஒரு சத்தம் போட்டாள். எதிர்வீட்டு மதில்மேல் இருந்த காக்கை பறந்துபோனது. உருண்டைக்குச் சொர்க்கமே திறந்த மாதிரி இருந்தது. "ஆஆ!" என்று கத்திவிட்டுத் தன் சத்தத்தில் தானே மயங்கி உட்கார்ந்துவிட்டான். பட்டாணி மேசைக்கடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

டொக் டொக் டொக்.

அம்மா காலைத் தூக்கிக் குதிகாலால் தரையில் பதில் சொன்னாள். டம் டம் டம்.

அன்று பிற்பகல் அப்பா வழக்கம்போல ஷூவைக் கையில் பிடித்தபடி வந்தபோது, கீழ்வீட்டுக்காரர் படியடியிலேயே மடக்கிப் பிடித்துக்கொண்டார். மேலே வந்த அப்பாவின் முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்க நீ? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்றார். வேற வீடு கிடைக்கறது குதிரைக்கொம்பு, தெரியும்ல? குழந்தைங்க இருக்குன்னு சொன்னாலே போனை வெச்சுடறாங்க."

"முதல்ல உக்காருங்க. நான் சொல்றதக் கேளுங்க."

அவள் சொன்னாள். தாழ்ப்பாளைச் சொன்னாள், கதவில் காதை வைத்த ஆயாம்மாவைச் சொன்னாள், பிள்ளை சொன்ன பதிலைச் சொன்னாள். அப்பா கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்து, காலை நுழைத்து, நாடாவை இறுக்கிக் கட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கீழதான். நீயும் வா. பசங்களையும் கூட்டிட்டு வா."

நான்கு பேரும் இறங்கினார்கள். ஒவ்வொரு படியும் அதிர்ந்தது. கீழ்வீட்டுக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார். ஒட்டடைக் கம்பு கைக்கெட்டும் தூரத்தில் சுவரோரம் சாய்ந்திருந்தது.

"ஏம்மா, இது என்ன வீடா, சந்தைக்கடையா?" என்று ஆரம்பித்தார்.

"வீடுதான் சார். வீடுன்னா குழந்தைங்க ஓடும், விழும், அழும். நாங்கதான் இத்தனை நாளா அத மறந்துட்டோம்."

"என் காது படற பாடு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். மெஷின் பக்கத்துல நின்னு வேலை பாக்கறவதான் நானும். உங்க காதுக்கு நெஜமாவே வருத்தப்படறேன். மதியம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் நீங்க தூங்குங்க, ஒரு குண்டூசி கூட விழாமப் பாத்துக்கறேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கற வரைக்கும் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். மத்த நேரம் எம் பிள்ளைங்க பிள்ளைங்களாத்தான் இருக்கும். உங்க வலிக்கு எம் பொண்ணோட குரலை மருந்தா தர முடியாது."

"அப்ப மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்க."

"பண்ண மாட்டோம்" என்றாள் அம்மா.

"ஒப்பந்தத்துல இன்னும் ஒரு வருஷம் இருக்கு சார்" என்றார் அப்பா, பேருந்தில் பயணிகளிடம் பேசும் நிதானத்தோடு. "குழந்தைங்க சத்தம் போடக் கூடாதுன்னு அதுல ஒரு வரிகூட இல்ல."

கீழ்வீட்டுக்காரர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காலையிலேயே அவர் அதைக் காட்டினார். மாடியில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேல்தொட்டிக்கு மோட்டார் போடவில்லை. கேட்டதற்கு மோட்டார் பழுது என்றார். கீழே முற்றத்துக் குழாயில் வேண்டுமானால் பிடித்துக்கொள்ளலாமாம்.

பிடித்துக்கொண்டார்கள். அம்மா பரணிலிருந்த எவர்சில்வர் வாளிகளை இறக்கினாள். விடிந்தும் விடியாத நேரத்தில், பேருந்தை எடுக்கப் போவதற்கு முன் அப்பா படியேறி இறங்கினார். ஒவ்வொரு படியிலும் வாளி 'டங்' என்று இடித்தது. அம்மா குடத்தோடு பின்னால் ஏறினாள். உருண்டை ஒரு தகர டப்பாவில் இரண்டு வாய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டு, பாதியைத் தன் வயிற்றிலும் மீதியைப் படியிலும் கொட்டிவிட்டு, காலி டப்பாவைக் கைப்பிடிக் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தான். அவனுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு விளையாட்டு வாய்த்ததே இல்லை. பட்டாணி மட்டும் ஒரு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, நுனிக்காலில், ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏறினாள்.

அந்த வாரம் முடிவதற்குள் மோட்டார் தானாகவே பழுது நீங்கிவிட்டது.

"ஐயோ பாவம், யாரு ரிப்பேர் பண்ணாங்களோ" என்றார் அப்பா. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். தலையணையைத் தேடவில்லை.

வீடு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. நாற்காலிகளின் சாக்ஸ் கழன்றது. கார்ச் சக்கரத்தின் துணி அவிழ்ந்தது. பந்துக்கு விடுதலை கிடைத்தது. மதிய நேரத்து வாக்கை மட்டும் அம்மா மீறவே இல்லை. இரண்டு மணிக்குப் பாயை விரித்து, ஜன்னலைச் சாத்தி, பிள்ளைகளை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். நாலு மணிக்கு எழுப்பி, முகம் கழுவி, பால் கொடுத்துப் பார்க்குக்குக் கூட்டிப்போவாள். டொக் டொக் இன்னமும் வந்தது. அவள் அதைச் சட்டை செய்வதில்லை.

ஆனால் பட்டாணி மாறவில்லை. அதுதான் அம்மாவை அரித்தது. கீழே இருக்கிற மனிதரோடு மல்லுக்கட்டலாம், பிள்ளையின் தொண்டைக்குள் உட்கார்ந்திருப்பதோடு எப்படி மல்லுக்கட்டுவது? அதட்டிக் கத்தவைக்க முடியாது. அன்று ஒருமுறை கத்தச் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக வீட்டைச் சத்தத்தால் நிரப்பினாள். குளிப்பாட்டும்போது ராகம் தாளம் எதுவும் இல்லாமல் பாடினாள். அப்பா அடுத்த அறையிலிருந்து வேண்டுமென்றே, "பட்டாணி, என் சீப்பு எங்கடா?" என்று கூப்பிடுவார். அவள் பதில் சொல்ல மாட்டாள். எழுந்து நடந்துபோய், சட்டையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் "அலமாரில" என்று சொல்லிவிட்டு வருவாள். அப்பா சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பார். பிறகு சமையலறைக்கு வந்து, "இன்னிக்கும் காதுலதான்" என்பார்.

அப்பாவுக்கு விடுப்பான ஒரு காலை. கண்ணாடி முன் பாதி முகத்தைச் சவரம் செய்திருந்தார். அம்மா பட்டாணியின் ஒரு பக்கத்துப் பின்னலை முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு ரிப்பன் தேடிக்கொண்டிருந்தாள். உருண்டை தத்தித் தத்தி வந்து, அக்காவின் சிவப்புக் கோப்பையை எடுத்து, அதிலிருந்த பாலில் முக்கால்வாசியைக் குடித்துவிட்டு, சாவகாசமாக அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"அது என்னோடது! குடுடா!"

சுவர் அதிர்ந்தது. அப்பாவின் கை பாதிக் கன்னத்தில் நின்றது. அம்மா ரிப்பனைக் கீழே விட்டாள். உருண்டை பால் வழியும் முகத்தோடு யார் கத்தியது என்று சுற்றுமுற்றும் பார்த்தான். அப்படி ஒரு குரல் அந்த வீட்டில் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

"குடுடான்னா குடு! என் பாலை ஏன் குடிச்ச? லூசு!"

டொக் டொக் டொக்.

பட்டாணி உறைந்துபோனாள். கை தானாக வாயைப் பொத்தப் போனது. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு ஓடிப்போய் அணைத்துக்கொள்ளலாம்போல இருந்தது, ஆனாலும் அசையவில்லை. போ என்றோ பயப்படாதே என்றோ சொல்லவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பட்டாணி கையை இறக்கினாள். மண்டியிட்டுக் குனிந்து, வாயைத் தரைக்கு அருகே கொண்டுபோனாள்.

"இருங்க! நான் தம்பியோட சண்டை போட்டுட்டிருக்கேன்!"

சொல்லிவிட்டு எழுந்து, தம்பியின் தலையிலிருந்து கோப்பையைப் பிடுங்கினாள். அவன் வீறிட்டான். அவள் அதைவிடச் சத்தமாக அவனைத் திட்டினாள். அவன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான். கீழேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

"விலக்கிவிட வேண்டாமா?" என்றார் அப்பா, நுரையோடு.

"கொஞ்ச நேரம் போகட்டுங்க" என்றாள் அம்மா. "நல்லா இருக்கு கேக்க."

அன்று பள்ளிக்குத் தாமதமாகிவிட்டது. ஒற்றைப் பின்னலோடு பட்டாணியும், பால் நாற்றத்தோடு உருண்டையும், இருவர் கையையும் பிடித்தபடி அம்மாவும் இறங்கியபோது கீழ்வீட்டுக்காரர் வாசலில் செய்தித்தாளோடு நின்றிருந்தார்.

"காலங்காத்தால அப்படிக் கத்தினது யாரு?" என்றார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் பட்டாணி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான்."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்தது. கூடவே, பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதவரின் திகைப்பும் இருந்தது. "ம்" என்று உறுமிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகும் அவர் அவர்களோடு சிநேகமாகிவிடவில்லை. கட்டிலைப் பின்அறைக்கு மாற்றிக்கொண்டார் என்று மட்டும் பிற்பாடு தெரிந்தது.

தெருவில் இறங்கியதும் பட்டாணி ஆரம்பித்தாள். தம்பி எப்படிக் கோப்பையை எடுத்தான், இதற்கு முன்னால் என்னென்ன எடுத்தான், நாளைக்கும் எடுத்தால் அவனை என்ன செய்யப்போகிறாள். எதிரே வந்த சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு முழுக்குரலில், மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் நடையை எட்டிப் போடவில்லை.